மூணாறு மாதா கோயில் வெறும் "ஸ்பாட்" இல்லீங்க

கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டு முடித்த கையோடு, இங்கே ஜெர்மனியில் இருக்கும் நம்ம ஆட்கள் செய்யும் அடுத்த வேலை கேரளா டூர் பிளான். மூணாறு இல்லாத பிளானே கிடையாது. போன வாரம் நண்பர் ஒருவர் தன்னுடைய பிளானை அனுப்பி, "நீதான் போயிட்டு வந்தவனாச்சே, சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்றார். ஏதோ ஒரு டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த அட்டவணை. காலையில் வரையாடு. அப்புறம் டீ மியூசியம். மதியச் சாப்பாடு. மாட்டுப்பட்டி அணைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வரி: "பசிலிக்கா, போட்டோ ஸ்டாப், 15 நிமிடம்."

அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்கு. மூணாறு டவுனுக்கு மேலே மேட்டில் இருப்பது மவுண்ட் கார்மல் மாதா கோயில். தமிழ்க் கத்தோலிக்கர்கள் உத்தரிய மாதா என்று சொல்வது இந்த மாதாவைத்தான். 1898ல் அல்போன்ஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கார்மலைட் சாமியார் தொடங்கி வைத்த பங்கு. 2024ல் போப் பிரான்சிஸ் இதை பசிலிக்காவாக உயர்த்தினார். இடுக்கி மாவட்டத்துக்கு இதுதான் முதல் பசிலிக்கா. பெரிய பசிலிக்கா என்றால் உலகத்திலேயே நாலுதான், நாலும் ரோமில். மற்றதெல்லாம் சிறிய பசிலிக்கா வரிசை. நம்ம வேளாங்கண்ணிக்கு அந்தப் பட்டம் 1962ல் கிடைத்தது, பூண்டி மாதாவுக்கு 1999ல். மூணாறும் இப்போது அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டது. பட்டம் வந்ததும் டிராவல்ஸ்காரர்களின் பட்டியலிலும் உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் போனது டூர் என்றும் சொல்லலாம், ஊருக்குப் போகும் வழி என்றும் சொல்லலாம். தங்கமணிக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. எனக்குப் போடி. கோயமுத்தூரில் இறங்கி, மாமனார் வீட்டில் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறி, அந்தப் பக்கம் போடிமெட்டு இறங்கினால் எங்கள் வீடு. மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்குப் போகும் பாதையில் மூணாறு வருகிறது, அவ்வளவுதான் :-) வழியில் ரெண்டு ராத்திரி தங்கினோம். அதில் ஒன்று சனிக்கிழமை. ஆக, மாதா கோயிலுக்கு நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை காலையில், தமிழ்ப் பூசை நேரத்தில்.

உள்ளே நுழைந்த ரெண்டாவது நிமிடமே பையன் என் காதில் கேட்டான். "அப்பா, இது கேரளாதானே? ஏன் எல்லாரும் தமிழ்ல பாடறாங்க?"

பதிமூன்று வயசுப் பையன். கொலோன் தேவாலயம் பார்த்திருக்கிறான், ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் பார்த்திருக்கிறான். அங்கெல்லாம் அவன் கேட்டது எத்தனை மீட்டர் உயரம், எத்தனை வருஷம் கட்டினார்கள், டவர் மேலே ஏற எத்தனை படி, இந்த மாதிரிதான். அங்கே பாடுகிறவர்கள் யார், என்ன மொழி என்று ஒருநாளும் கேட்டதில்லை. மூணாறில் கேட்டான். ஏனென்றால் அங்கே அவனுக்குப் புரிந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த டூர் பிளானும் அரைகுறைதான் என்பது என் கட்சி.

பதில் கொஞ்சம் நீளம். 1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற துரை பூஞ்சாறு அரச வம்சத்திடம் இந்தக் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1897ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. அடுத்த வருஷமே, 1898ல், இந்தப் பங்கு. கம்பெனிக்கும் கோயிலுக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். இது தற்செயல் இல்லை. மலையை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டும். ஆட்கள் கீழேயிருந்து வந்தார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமையிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த ஜனம். எங்கள் போடியிலிருந்து மலை ஏறிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் மாதாவைக் கும்பிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கோயில் வேண்டியிருந்தது. இலங்கை மலையகத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதுசாக இருக்காது. அதே கங்காணி, அதே லயம். லயம் என்ற சொல்கூட ரெண்டு மலையிலும் ஒன்றுதான்.

சரக்கும் எங்கள் பக்கமாகத்தான் போனது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலை அதில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடி, பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடியோடு அடித்துக்கொண்டு போய்விட்டது, மறுபடி போடவே இல்லை. டாப் ஸ்டேஷனுக்குப் போகிற டூரிஸ்ட்கள் "இங்கே ஸ்டேஷன் எங்கே?" என்று தேடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழர்கள் அதிகம் இருந்தும் கேரளாவோடு போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எவ்வளவோ போராடிப் பார்த்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் கிடைத்தன, இது கிடைக்கவில்லை. அந்தச் சண்டையை இப்போது கிளறுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. தண்ணீர்ச் சண்டையே போதும். ஆனால் கோடு எங்கே விழுந்தாலும் ஜனம் இருந்த இடத்திலேயே இருந்தது. தங்கமணி ஊர்ப்பக்கமும் இதே கதைதான். சித்தூர் தாலுகாவில் பாதிப் பேச்சு தமிழ். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பங்குகள் கேரளாவுக்குள் இருந்தாலும் வெகுகாலம் கோயமுத்தூர் மறைமாவட்டத்தோடுதான் இருந்தன. 2013 டிசம்பரில்தான் பாலக்காட்டில் சுல்தான்பேட்டை என்று தனி மறைமாவட்டம் வந்தது. சர்க்கார் கோடு 1956ல் விழுந்தது, சர்ச் கோடு அங்கே விழ இன்னும் 57 வருஷம் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தால் அந்த மாதா கோயில் வேறு மாதிரி தெரியும். டூர் கைடுகள் சொல்வது "பிரிட்டிஷ் காலத்துச் சர்ச், 1898". பிரிட்டிஷ்காரன் கும்பிட்டது வேறு கோயில், ஐயா! அது சி.எஸ்.ஐ. கிறைஸ்ட் சர்ச். 1910ல் அடிக்கல் நாட்டி 1911ல் திறந்தது. ரெண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருக்கும் பயணக் குறிப்புகளை நானே நாலைந்து படித்திருக்கிறேன். அந்தச் சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குப் பின்னால் எலனோர் நைட் என்ற இளம் வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. மேனேஜர் துரையின் மனைவி. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே 1894ல் காலராவில் போய்விட்டார். சர்ச்சுக்கு முன்னால் கல்லறை வந்த ஊர் அது. சோகமான கதைதான், நானும் அங்கே போய் நின்றேன். ஆனால் கைடு அந்தக் கதையைப் பத்து நிமிடம் உருகி உருகிச் சொல்கிறார். வரையாடு பார்க்க ராஜமலைக்குக் கூட்டிப் போகும்போது, அதற்கப்பால் இருக்கும் பெட்டிமுடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறுப் பக்கம் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்கள். ராஜமலையில்தான் பலரையும் அருகருகே புதைத்தார்கள். அதே ரோட்டில் டிக்கெட் வாங்கி, பஸ் ஏறி, ஆட்டைப் படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

பூசைக்கு வருகிறேன். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதிப் பூசையில் ஒரு வேன் கூட்டம் உள்ளே வந்தது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, பேசியது மட்டும் நல்ல தமிழ். ஒருவர் நடுப்பாதையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி பீடம் வரைக்கும் நடந்தார். ஒரு அம்மா, முழங்காலில் இருந்த பாட்டியைக் கொஞ்சம் நகரச் சொல்லி, மகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். பாட்டி நகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வந்த வேகத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். சரியாகப் பதினைந்து நிமிடம் இருக்கும்.

இதே ஆட்கள் கொலோனில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே பூசை நேரத்தில் சிவப்பு அங்கி போட்ட காவல்காரர்கள் டூரிஸ்ட்களை வாசல் பக்கமே நிறுத்திவிடுவார்கள். உட்கார்ந்து ஜெபிக்க வந்தவர்களை மட்டும் உள்ளே விடுவார்கள். செயின்ட் பீட்டர்ஸில் தோளும் முட்டியும் மூடாமல் உள்ளே போக முடியாது. அங்கெல்லாம் நம் ஜனம் எவ்வளவு ஒழுங்கு! குரலைத் தாழ்த்தி, தொப்பியைக் கழற்றி, வரிசையில் நின்று. தட்டிக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் மரியாதையும், கேட்காத பாட்டி இருக்கும் இடத்தில் இதுவும் என்றால், அந்த மரியாதை யாருக்குக் கொடுத்தது என்று எனக்குப் புரியவில்லை.

பாரிஸில் நோத்ர தாம் சமாச்சாரம் ஞாபகம் இருக்கும். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. திறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்னால் பிரான்சின் கலாச்சார அமைச்சர், டூரிஸ்ட்களிடம் 5 யூரோ வாங்கினால் மற்றப் பழைய கோயில்களைப் பராமரிக்கலாம் என்று யோசனை சொன்னார். திருச்சபை ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே வருகிறவர்களில் யார் பக்தர், யார் பார்வையாளர் என்று வாசலில் பிரிக்க முடியாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எனக்கு அது சரி என்றே படுகிறது. படம் எடுக்க வந்தவர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே அந்த விவாதமாவது நடந்தது. யாருக்கு இந்தக் கட்டடம், யார் செலவு செய்கிறார்கள் என்று நாடே பேசியது. இங்கே ஜெர்மனியில் கத்தோலிக்கர் என்று பதிந்த நம் நண்பர்களுக்கு, வருமான வரிக்கு மேல் அதில் 9 சதவீதம் சர்ச் வரியாகச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள் (பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8). மூணாறுக் கோயில் காணிக்கைத் தட்டில் விழுவதில் கொழுந்து பறித்த கூலியும் இருக்கிறது. நாம் படம் எடுத்துவிட்டுப் போகிறோம்.

நம்மையே ஒருவர் வேடிக்கை பார்த்தால் எப்படி இருக்கும் என்பது ஹாமில் காமாட்சி அம்மன் தேருக்குப் போனவர்களுக்குத் தெரியும். 2002ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். தேர் அன்றைக்கு ஜெர்மன்காரர்கள் கேமராவோடு வந்து குவிவார்கள். பால்குடம், காவடி எல்லாம் அவர்களுக்குப் படம். கோபமெல்லாம் வராது. ஆனால் அந்தக் கூட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிரசாதம் வாங்கி, "இது எதுக்கு?" என்று கேட்கிற ஜெர்மன்காரரை நமக்குத் தனியாகப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கும். அவருக்குப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் உடைந்த ஜெர்மனில் விளக்கம் சொல்லத் தயார்.

இன்னொன்று. மாதா கோயிலுக்கு டூரிஸ்டாகப் போவது என்பதே நமக்குப் புதுசு. எங்கள் அப்பத்தா மதுரை மீனாட்சி, பழனி தவிர வெளியூர் அதிகம் போகாதவர். ஆனால் வேளாங்கண்ணிக்கு ரெண்டு தடவை போனார். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் விடாதபோது வேண்டிக்கொண்டு ஒரு தடவை, நேர்ச்சை கொடுக்க ஒரு தடவை. அவருக்கு அது "சர்ச்" கிடையாது. மாதா கோயில். அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. இங்கே டச்சு எல்லைப் பக்கம் கெவலார் என்று ஒரு சின்ன ஊர். 1642லிருந்து மாதாவுக்கு யாத்திரை போகிற ஊர். வருஷாவருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் அந்த ஊரே தமிழாகிவிடும். 1980களின் கடைசியிலிருந்து ஈழத்தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள். மடு மாதாவிடம் போக முடியாத காலத்தில் கண்டுபிடித்துக்கொண்ட மாதா. பொட்டு வைத்த சைவ அம்மாக்களும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். யாரும் யாரையும் நீ என்ன மதம் என்று கேட்பதில்லை. அந்த ஈழத்து அம்மாக்களும் எங்கள் அப்பத்தாவும் டூரிஸ்ட்கள் இல்லை, கத்தோலிக்கர்களும் இல்லை. நம்மிடம் அப்படி ஒரு மூன்றாவது வகை இருந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாமல், ஆடியோ கைடு மட்டும் தெரிந்தால் நஷ்டம் மூணாறுக்கு இல்லை.

இதைச் சொன்னால் என் நண்பர் (அதே அட்டவணைக்காரர்) மடக்குகிறார். "எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. பூசையில போய் உக்காந்தா அது நடிப்பு இல்லையா?" நியாயமான கேள்வி. நடிக்க வேண்டாம். முழங்கால் போட வேண்டாம், சிலுவை போட வேண்டாம். எல்லோரும் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், பாடினால் கேளுங்கள். கச்சேரியில் ராகம் தெரியாதவர் உட்காருவதில்லையா? ஒரே ஒரு எச்சரிக்கை: நற்கருணை கொடுக்கும்போது "பிரசாதம்தானே" என்று வரிசையில் போய் நிற்காதீர்கள். அது திருமுழுக்குப் பெற்று நற்கருணை வாங்கத் தொடங்கிய கத்தோலிக்கர்களுக்கு மட்டும். சாமியாருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

டூரிஸ்ட் வராவிட்டால் மூணாறு என்ன ஆகும் என்று இன்னொரு வாதம். ஒத்துக்கொள்கிறேன். ஜீப் ஓட்டுபவர், ஹோம்ஸ்டே நடத்துபவர், சோளம் சுட்டு விற்பவர், பலரும் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். கோவிட் சமயத்தில் அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இன்னும் ஒரு முக்கால் மணி நேரம் உட்காருங்கள் என்கிறேன். மாட்டுப்பட்டி அணை எங்கேயும் ஓடிப் போகாது.

பூசை முடிந்ததும் அந்த நகர்ந்து கொடுத்த பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எந்த ஊர் தம்பி?" போடி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. போடிச் சந்தைக்கு அவர் அம்மா போய்வந்த கதை, 2015ல் பொம்பிளைகள் சேர்ந்து போனஸுக்காக மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது தானும் உட்கார்ந்த கதை எல்லாம் சொன்னார். பொம்பிளை ஒருமை என்று பேப்பரில் வந்தது ஞாபகம் இருக்கலாம். யூனியன்காரர்களைக் கிட்டே சேர்க்காமல் இருபது சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். இப்போது அவர் ரிட்டயர்டு. மருமகள் தோட்டத்தில் இருப்பதால் லயத்து வீடு இருக்கிறது. மருமகளுக்கும் வேலை முடிந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பேரன் திருப்பூரில். "அவன் இங்க வர மாட்டான் தம்பி. அப்புறம் நாங்களும் கீழதான் எறங்கணும். மூணு தலைமொறையா இங்க இருந்துட்டு, எறங்கி எங்க போறதுன்னுதான் தெரியல."

மகள் ஜெர்மனும் தமிழும் கலந்து பாட்டியிடம் ஏதோ கேட்டாள். பாட்டிக்கு அதில் பாதி புரியவில்லை, ஆனாலும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைப்பேறு பார்த்த ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, தன் அய்யாவைப் புதைத்த இடம் எங்கே என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். ரொம்ப நாள் கழித்துப் பையன் போனை எடுக்காமல் ஒரு இடத்தில் நின்றான்.

அட்டவணையைத் திருத்தி நண்பருக்கு அனுப்பிவிட்டேன். வரையாட்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளியாச்சு. பசிலிக்கா: ஞாயிறு காலை, தமிழ்ப் பூசை. நேரத்தை முதல் நாளே கோயிலில் கேட்டு வைத்துக்கொள்ளவும் என்று எழுதியிருக்கிறேன்.

டிஸ்கி: உத்தரிய மாதாவுக்குத் திருநாள் ஜூலை 16. அந்தச் சமயத்தில் போனால் மூணாறில் மழை பின்னி எடுக்கும். ஜெர்மனியில் வாங்கின குட்டிக் குடையெல்லாம் அந்தக் காற்றுக்கு நிற்காது. உடுமலையிலேயே நல்ல பெரிய குடையாக ரெண்டு வாங்கிவிடுங்கள்.